கோரைக்காட்டு வாத்தக்கா

அந்தத் தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை வாத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு முன்பல் இரண்டும் விழுந்து பல காலம் ஆகிவிட்டது. அவரும் காலையில் கிண்ணத்தோடு வந்து, "வாத்தக்கா, ரெண்டு முட்டை குடும்மா" என்று நிற்பார்.

"உங்களுக்கு நான் அக்கான்னா, உங்களுக்கு இன்னும் மீசையே முளைச்சிருக்கக் கூடாதே அண்ணே" என்பாள். முட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வாள். கை நீட்டாமல் வாய் மட்டும் பேசுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

தெருவின் கடைசி வீடு அவளுடையது. முன்கதவைத் திறந்தால் தெரு, பின்கதவைத் திறந்தால் கோரைக்காடு. அதை ஏரி என்று சொல்ல முடியாது, வயல் என்றும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் பரந்து கிடக்கும். வெயில் ஏறினால் அதே இடம் சுருங்கி, சேறும் குட்டைகளுமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கோரை ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும். உள்ளே போனவர் வெளியே தெரியமாட்டார். நகராட்சி வரைபடத்தில் அதற்கு 'பயனற்ற நிலம்' என்று பெயர். மேட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் இறங்கி வந்து அங்கேதான் உட்காரும். உட்கார்ந்து, அவசரமில்லாமல் மண்ணுக்குள் போகும். அந்தத் தெருக் கிணறுகளில் வாளியை விட்டால், கோடையிலும் தண்ணீரைத் தொடுகிற சத்தம் உடனே கேட்கும். இதற்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. வாத்தக்காவும்தான். கிணறு என்றால் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான்.

வாத்துகள் அப்பா விட்டுப்போனவை. அவர் படுத்த படுக்கையானபோது பட்டியைத் திறக்கவும் மூடவும் அவள் ஒருத்திதான் இருந்தாள். அப்படியே அது அவள் பிழைப்பாகிவிட்டது. விடிகிற நேரத்துக்குள் வாத்துகள் முட்டையிட்டு முடித்துவிடும். வைக்கோலைக் கிளறி, வெதுவெதுப்பாக இருக்கிற முட்டைகளைக் கூடையில் எடுத்துவைத்த பிறகுதான் பட்டிக் கதவைத் திறப்பாள். திறந்த மறுகணம் தள்ளுமுள்ளுதான். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கத்திக்கொண்டு, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கோரைக்குள் இறங்கிவிடும். பகல் முழுக்க நத்தை, புழு, பொடிமீன், பாசி என்று அவற்றுக்கு விருந்துதான். தீனி வாங்கிப் போட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. சாயங்காலம் தகர டப்பாவைத் தட்டினால் வரிசையாக வரும். எப்போதும் கடைசியில் வருகிற ஒரு நொண்டி வாத்தை மட்டும் நிறுத்திவைத்து, "வாங்க மகாராணி, ஊர்வலம் முடிஞ்சுதா?" என்று கேட்பாள்.

முட்டைகள் கடைத்தெரு பேக்கரிக்குப் போகும். பேக்கரிக்காரர் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, செக்கச்செவேலென்று குலுங்குகிற கருவை ரசித்துப் பார்ப்பார். "இதுக்கு நான் கலர்ப்பொடியே வாங்க வேண்டாம்மா. உன் வாத்துங்க என்னதான் தின்னுதுங்க?" என்பார். "நீங்க முகம் சுளிக்கிற எல்லாத்தையும்" என்பாள் வாத்தக்கா.

கல்யாணமானபோது கணவர்தான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பட்டியை விட்டுவிட்டு அவளால் வேறு ஊருக்குப் போக முடியாது என்று முதலிலேயே பேசிக்கொண்டதுதான். அவருக்கு லாரி ஓட்டத் தெரியும், உரிமமும் இருந்தது. ஓட்டத்தான் லாரி இல்லை. ஆள் கிடைக்காத நாட்களில் யாராவது கூப்பிட்டால் போய் ஓட்டுவார். மற்ற நாட்களில் பட்டியைக் கழுவுவார். தெரு அவருக்கு வாத்து மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. நாளாக நாளாக வாத்து உதிர்ந்துபோய் வெறும் மாப்பிள்ளை ஆனார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மாப்பிள்ளை. தலை நரைத்த பிறகும் மாப்பிள்ளை. டீக்கடையில், "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை முட்டை போட்டீங்க?" என்று யாராவது கேட்டால் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அவரும் கூடவே சிரிப்பார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது.

வாத்தக்கா அதைக் கவனிக்காமல் இல்லை. "விடுங்க, வேலையத்தவனுங்க" என்று சொல்லிவிட்டு முட்டையைத் துடைக்கப் போய்விடுவாள். அதற்குமேல் அவர் மனதில் என்ன கிடந்தது என்று அவள் தோண்டிப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்து நின்றது அந்த இடத்தில்தான். அன்றைக்கே உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் மாப்பிள்ளைக்கு டிப்பர் லாரி கிடைத்தது. வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"வேலை கிடைச்சிடுச்சு. மாசச் சம்பளம். மண்ணு அடிக்கிற வேலை."

"எங்கே இருந்து எங்கே?"

"மலையடிவாரத்துல ஏத்தணும். எங்கே சொல்றாங்களோ அங்கே கொட்டணும். நமக்கென்ன?"

அவளுக்கும் சந்தோஷம்தான். அவர் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு லாரியைத் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தி அவர் ஒரு ஹாரன் அடித்தால், தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். டீக்கடையில் முட்டைக் கணக்கை யாரும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை, எங்க வாசலுக்கும் ஒரு லோடு மண்ணு போடுங்களேன்" என்று குழைய ஆரம்பித்தார்கள்.

சில வாரங்கள் கழித்து, நொண்டி வாத்து முந்தின நாள் திரும்பி வரவில்லையே என்று தேடிக்கொண்டு அவள் கோரைக்குள் வெகுதூரம் போனாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. அக்கரைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. கோரையை விலக்கிப் பார்த்தாள். லாரி ஒன்று பின்பக்கமாக ஊர்ந்து வந்து, நீர் விளிம்பில் நின்றது. தொட்டி மேலே எழும்பியது. செம்மண் சரிந்து தண்ணீரில் விழுந்தபோது, கரையோரம் உட்கார்ந்திருந்த நீர்க்கோழிகள் படபடவென்று எழும்பின. தொட்டி இறங்கியது. பின்கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க டிரைவர் இறங்கி வந்தார். அவள் இஸ்திரி போட்ட சட்டை.

அவரும் அவளைப் பார்த்துவிட்டார். தண்ணீருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருவரும் நின்றார்கள். அவர் கையைத் தூக்கி எதையோ சொல்ல வந்து, தூக்கிய கையால் தலையைச் சொறிந்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் நொண்டி வாத்து தானாகவே வந்து சேர்ந்தது. அவர் வரும்வரை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"எங்கே கொட்டுறீங்கன்னு கேட்டேனே. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

"நம்ம வாத்து மேயற இடம்ங்க அது. அதைப் போய் நீங்களே..."

"நான் இல்லைன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"வேற ஒருத்தன் ஓட்டினா அவனை வாய் வலிக்கிற வரைக்கும் திட்டிட்டாவது இருப்பேன். உங்களை நான் என்ன பண்றது?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "இத்தனை வருஷம் இந்தத் தெருவுல எனக்கு ஒரு தொழில் உண்டா? பேராவது உண்டா? இப்பத்தான் ஒரு மனுஷனா நடமாடறேன். அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் வாத்தக்கா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். காடு பெரிய காடு, ஓரத்தில் கொஞ்சம் போனால் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் படித்தாள். அதைத் தின்றுகொண்டே அதைத் திட்ட அவளுக்கு வரவில்லை.

தெருவுக்கோ கொண்டாட்டம். கொசு ஒழிந்தது, பாம்பு ஒழிந்தது, சேற்று நாற்றம் ஒழிந்தது என்று தையல்காரர் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிப் பேசினார். நம் தெரு இனி கடைசித் தெரு இல்லை, நடுத்தெரு என்றார். லாரிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கோரைக்காட்டில் பாதி மேடாகி, மனைகளாகி, எல்லைக்கற்கள் நடப்பட்டு, வெள்ளையடித்த வளைவு வாசலும் வந்தது. காட்டுக்குக் குறுக்கே, பழைய தெருவைவிட உயரமாக ஒரு தார்ச்சாலை போட்டார்கள். தண்ணீர் போக அடியில் சில குழாய்களைப் பதித்தார்கள். குனிந்து பார்த்தால் ஒரு பூனை நுழைகிற அகலம்தான்.

டிரைவர்களுக்குத் தவணை முறையில் மனை தருவதாக, லாரிகளுக்கும் மனைகளுக்கும் சொந்தக்காரரான முதலாளி சொன்னார். மாப்பிள்ளை அவளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். சுண்ணாம்புக்கோடு போட்டிருந்த இடத்தின் நடுவில் போய் நின்று, "இங்கே கூடம். அந்தப் பக்கம் சமையல்கட்டு. என் பேர்ல ஒரு வீடு" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

வாத்தக்கா சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் இருந்த தண்ணீர்த்தொட்டியையும், தன் வீட்டுப் பின்கதவையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அல்லிக்குட்டை இருந்த இடம். எந்தக் கோடையிலும் வற்றாது. வெயில் தாங்காத நாளில் வாத்துகள் எல்லாம் அங்கேதான் போய் அடைந்து கிடக்கும். வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"நல்லா இருக்கு. சமையல்கட்டுக்கு மட்டும் ஜன்னல் பெருசா வைங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த கோடையில் தெருவில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. வாளி கிணற்றுக்குள் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கயிற்றோடு கயிறு முடிந்து விட்டார்கள். அடுத்த கோடையில் வாளி சேற்றோடு வந்தது. கொசுவும் ஒழியவில்லை. முன்பு அதன் புழுக்களைத் தின்ன மீனும் தவளையும் இருந்தன. இப்போது மேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் தேங்கிய சாக்கடையில் கொசுவைத் தவிர வேறு எதுவும் இல்லை. தையல்காரர் பகலிலேயே காலில் சாக்குப்பையைச் சுற்றிக்கொண்டு மெஷினை மிதித்தார்.

மண் வேலை ஓய்ந்ததும் முதலாளி தண்ணீர் டேங்கர்கள் வாங்கினார். அதில் ஒன்றை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். தான் மண்ணடித்த ஊருக்கே தண்ணீர் அடிக்கிற டிரைவராகி, அவர் தன் தெருவுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டார். குடங்கள் இடித்துக்கொண்டன.

"மாப்பிள்ளை, குடுத்து வெச்சவருய்யா உங்க முதலாளி" என்றார் தையல்காரர். "இருந்த தண்ணியை மண்ணைப் போட்டு மூடவும் காசு. மூடின தண்ணியை வண்டியில கொண்டாரவும் காசு."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தக்கா தன் முறைக்குக் குடத்தை வைத்தாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் குடம் நிரம்புவதையே பார்த்தார்கள்.

மிச்சமிருந்த பாதிக் காட்டுக்குப் போக வாத்துகள் அந்த உயரச் சாலையைத் தாண்ட வேண்டும். வண்டிகளில் அடிபட்டு ஒவ்வொன்றாகக் குறைந்தன. வேறு வழியில்லாமல் பெரும்பாலான நேரம் பட்டியிலேயே அடைத்துவைத்து, தவிடு வாங்கிக் குழைத்துப் போட்டாள். பேக்கரிக்காரர் முட்டையை உடைத்தார். வெளுத்த கரு சோர்ந்துபோய்ப் பரவியது. "என்னம்மா, உன் வாத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

பெருமழை வந்தது அதற்கடுத்த பருவத்தில். விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் அவள் முட்டைக்கூடையைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டு பேக்கரிக்குப் போயிருந்தாள். திரும்பும்போது மேட்டுத் தெருக்களிலிருந்து தண்ணீர் அவளைத் தாண்டி ஓடியது. எங்கே இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். தன் தெருவுக்குள் திரும்பியதும் புரிந்தது. அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. உயரச் சாலை அணை மாதிரி நின்றது. பூனை நுழைகிற குழாய்களைக் குப்பை அடைத்துவிட்டது. தெரு நிரம்பிக்கொண்டிருந்தது. தையல்காரர் மெஷின் தலையைக் கழற்றிக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றார்.

"வாத்தக்கா, உள்ளே போகாதே! மாப்பிள்ளை உள்ளே போயிருக்காரு!"

அவள் கூடையை விட்டுவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்குள் புகுந்து, கதவுநிலைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனாள். பட்டியின் தகரக் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. மாப்பிள்ளை தகரத்தைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தண்ணீர் அழுத்தியதில் திறக்க வரவில்லை. கையெல்லாம் ரத்தம். பிய்த்த இடைவெளி வழியாக வாத்துகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து மிதந்தன. வராதவை நிறைய. தண்ணீரில் பிறந்து வளர்ந்த வாத்துகள், கூரைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் செத்துப்போயிருந்தன.

"திறக்க வரலைடி" என்றார் அவர். "இழுத்து இழுத்துப் பார்த்தேன். தண்ணி விடலை."

நொண்டி வாத்தை மார்போடு அணைத்திருந்தார். அதன் கழுத்து தொங்கியது. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வாங்க. கைக்கு மருந்து போடணும். வாங்க" என்றாள்.

வெள்ளம் வடிந்ததும் பழைய வீட்டின் பின்சுவர் விழுந்தது. அல்லிக்குட்டை மனையில் அதற்குள் கட்டி முடித்திருந்த புது வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. கொட்டிய மண் மழையில் ஊறி அமுங்கியது. கூடத்துத் தரை ஒரு பக்கம் சரிந்தது. மேஜையில் வைத்த பென்சில் தானாக ஜன்னல் பக்கம் உருண்டது. சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்டைக் குழைத்துப் பூசுவார். மறுபடி விரியும். வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் வந்து பார்த்துவிட்டு, "எங்கூட வந்துடுங்கம்மா" என்று கெஞ்சினாள்.

"மிச்சம் கிடக்கிற வாத்துங்களை யாரு பார்ப்பாங்க?" என்றாள் வாத்தக்கா.

"அம்மா, உனக்கு நான் முக்கியமா வாத்து முக்கியமா?"

"நீ தவிடு குழைச்சுக் குடுத்தா சாப்பிடுவியா? அதுங்க சாப்பிடுதே" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இந்த நிலையில்தான் மிச்சப் பாதியையும் மேடாக்கிக் குடோன்கள் கட்டப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூட அரங்கில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய தெருக்காரர்கள் எல்லோரும் திரண்டு வந்தார்கள்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் வாத்தக்கா.

மாப்பிள்ளை சிமெண்டுக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது? நீ போயிட்டு வா."

அவள் தனியாகப் போனாள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வாத்து முட்டையின் மஞ்சள்கருவைப் பற்றித் தொடங்கினாள். பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. கிணற்றைப் பற்றிச் சொல்ல நினைத்து, பட்டிக் கதவைப் பற்றிச் சொன்னாள். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்று இரண்டு தடவை சொன்னாள். மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நன்றாகப் பேசியவர்கள் வேறு பலர். பொறியாளர் ஒருவர் படங்கள் காட்டினார். பள்ளி ஆசிரியை ஒருவர், ஈரநிலம் என்பது மழையை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிற இடம், அதை மூடினால் மழையும் வெயிலும் ஒன்றுபோல நம்மை அடிக்கும் என்று விளக்கினார். வாத்தக்காவின் வீட்டுப் பின்கதவுக்கு வெளியேதான் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது. அப்போது இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் காதில் போட்டுக்கொண்டிருப்போமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. தையல்காரர் எழுந்து, கொசுவுக்காக முதலில் மூடச் சொன்னவன் நான்தான், இப்போது சொல்கிறேன், மிச்சத்தைத் தொடாதீர்கள் என்றார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

மாதங்கள் பல ஓடிய பிறகு உத்தரவு வந்தது. மிச்சமிருக்கும் காடு பாதுகாக்கப்பட்ட ஈரநிலம். குடோன் கிடையாது. சாலைக்கடியில் பெரிய மதகுகள் கட்டப்படும். சுற்றிலும் வேலி வரும். தெருவே மகிழ்ந்தது. வாத்தக்கா பேக்கரியில் கேக் வாங்கி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள்.

வேலிக்கம்பிகள் வந்து இறங்கிய வாரம், வனத்துறையிலிருந்து ஒரு இளம் அதிகாரி அவள் வீட்டுக்கு வந்தாள். சரிந்த கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இனிமே வாத்துங்களை உள்ளே விட முடியாது."

வாத்தக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த வாத்தை?"

"உங்க வாத்தைத்தான்மா. வெளியூர்ப் பறவைங்க வந்து தங்குற இடம். வளர்ப்பு வாத்து உள்ளே போனா இதோட நோய் அதுக்குத் தொத்தும், அதோடது இதுக்குத் தொத்தும். பழைய அளவுக்கு இடம் இருந்திருந்தா ஏதாவது ஒரு மூலையை ஒதுக்கித் தரச்சொல்லிக் கேட்டிருப்பேன். இப்ப மிஞ்சியிருக்கிறது அதுங்களுக்கே பத்தலை."

வாத்தக்கா முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலைம்மா" என்றாள். "வேலி போடுங்க. நல்லா உயரமாப் போடுங்க. என்ன, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, நாங்க எல்லாருமே உள்ளே இருந்திருப்போம்."

அதிகாரிக்கும் கண் கலங்கியது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரிடம் அவளே பேசி, வாத்துகளை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். மாப்பிள்ளை ஒரு சின்ன வண்டியை இரவல் வாங்கி வந்தார். கூடைகளில் வைத்துக் கட்டும்போது வாத்துகள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமே போடவில்லை. பண்ணையில் சிமெண்டுத் தொட்டியும் சுத்தமான தண்ணீரும் இருந்தன. இறக்கிவிட்டதும் அவை ஓர் ஓரமாக ஒண்டி நின்றன. வாத்தக்கா திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாடியில் தூறல் விழ ஆரம்பித்ததும் மாப்பிள்ளை துடைப்பானைப் போட்டார்.

"நான் அன்னிக்கு அந்த வேலையை வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா எத்தனை நாளைக்குச் சொல்லியிருப்பீங்க? பட்டியைக் கழுவிக்கிட்டே காலம் தள்ளியிருப்பீங்களா?" அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு மனசுல என்ன வலிச்சுதுன்னு நான் ஒருநாளாவது கேட்டிருக்கணும். கேட்கலை. வாத்து வாத்துன்னே இருந்துட்டேன்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

இப்போது வாத்தக்கா பேக்கரியில் மாவு பிசைகிறாள். மாப்பிள்ளை டேங்கரை விட்டுவிட்டு, பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறார். மதகுகள் கட்டி முடித்த பிறகு வந்த மழையில் பழைய தெருவில் கணுக்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. வேலியை ஒட்டிய வீடுகளில் கிணறு கொஞ்சம் ஊறியிருக்கிறது என்று தையல்காரர் ஓடி வந்து சொன்னார். மேட்டுமனை வீடுகளின் கிணறுகள் காய்ந்துதான் கிடக்கின்றன. வாத்தக்கா வீட்டுக்கும் டேங்கர்தான் வருகிறது.

மழை விட்ட ஒரு மாலையில் இருவரும் வேலி ஓரமாக நடந்தார்கள். உள்ளே, கோரைக்கு நடுவில் தண்ணீர் விரிந்து கிடந்தது. எங்கிருந்தோ வந்த பறவைக்கூட்டம் ஒன்று வட்டமடித்து இறங்கியது. எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை. கொஞ்சம் இறங்கின, மற்றவை திரும்ப எழும்பிச் சுற்றின. அவற்றில் சில சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேட்டுமனைக் கூரைகளைத் தாண்டி வேறு பக்கம் போய்விட்டன.

"முன்னாடியே யாராவது நிறுத்தியிருந்தா எல்லாம் இறங்கியிருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"யாராவதுன்னா யாரு?" என்று வாத்தக்கா கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான், அந்த யாராவதில் தானும் ஒருத்தி என்பது அவளுக்கு உறைத்தது. அவர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவளும் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வானத்தில் பறவை ஒன்றும் மிச்சமில்லாமல் போகிறவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.